புகைபோக்கி வைத்த வீடு

நீ என்னை வர வேண்டாம் என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது. சொன்னாய் என்று சுலபமாக எழுதிவிட்டேன். எழுத்துப் பலகையில் இடதுகை முட்டியை நகர்த்தி நீ "வரா" என்பது வரை வந்து சேர்வதற்குள், "நான் வராம எப்படிடா? டிக்கெட்டே மூணு பேருக்குப் போடச் சொல்லிட்டேன்" என்று நான் முந்திக்கொண்டேன். நீ கண்ணை இறுக மூடினாய். அதுதான் உன் 'இல்லை'. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, "நீ வராதே. அப்பா போதும்" என்று முடித்தாய். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட விடாமல் வைத்தாய், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு டீச்சர் தமிழிலும் குறை கண்டுபிடிப்பாள் என்று தெரிந்து. மொத்தம் ஆறு நிமிடம் ஆனது. நான் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் உட்கார்ந்தால் நான் உன்னைப் பேச விடமாட்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் இப்போது தெரிகிறது.

திங்கட்கிழமை நீயும் அப்பாவும் சென்னைக்குப் போகிறீர்கள். இரண்டு வாரம் அங்கே தங்க வேண்டும். நீ சொல்ல நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும் கருவிகளில் எது உனக்கு ஒத்துவரும், அதை எந்தக் கையால் அல்லது எந்தக் கண்ணால் இயக்குவாய், எத்தனை சொல் அதில் வேண்டும் என்று பார்த்துத் தரப் போகிறார்கள். அது கிடைத்தால்தான் ஜூலையில் கல்லூரி. பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பொறுமை உன் வகுப்பில் எவனுக்கும் இருக்காது. பெற்ற எனக்கே இல்லை. அவர்கள் அனுப்பிய கடிதத்தின் தலைப்பு "தொடர்புத் தேவை மதிப்பீடு". மூன்று சொல். பத்தொன்பது வருஷமாக நான் அதில் மூன்றாவது சொல்லை மட்டும்தான் படித்து வந்திருக்கிறேன். மதிப்பீடு என்றால் மார்க். மார்க் என்றால் மானம். நடுவில் 'தேவை' என்று ஒரு சொல் இருப்பதைப் படிக்கத் தெரியாத நான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வியை முழுசாகப் படி, கேள்வியை முழுசாகப் படி என்று காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தேன்.

இந்த டவுன்ஷிப்பை நீ உன் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறாய், நான் இதில் பிறந்து வளர்ந்தவள். ஒரே அளவு குவார்ட்டர்ஸ், ஒரே அளவு வேலி, எல்லார் வீட்டுத் துணியிலும் ஒரே சாம்பல். மனிதர்களுக்குள் வித்தியாசம் காட்ட வேறு வழியில்லாமல் பிள்ளைகளின் மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். ரிசல்ட் வந்த அன்று பஜாரில் காய் வாங்கப் போனால் கத்திரிக்காய் நிறுப்பவர்கூட "டீச்சர் வூட்டுப் புள்ள எவ்ளோ?" என்று கேட்பார். உன்னைப் பற்றி மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, "பாவம், எப்படி இருக்கான்?" என்பார்கள். அந்தப் 'பாவம்' எனக்கு ஆகாது. எண்பது வாங்கிய தன் பெண்ணைத் தொண்ணூறு வாங்கியவள் முன்னால் அறைந்த ஸ்டாஃப் ரூம் பெரிய மனுஷி எனக்கு அனுதாபம் சொல்வாள். இவர்களை எல்லாம் ஒரு நாளாவது வாயடைக்க வைக்க வேண்டும் என்று ஒரு வெறி. அதில் உனக்கு என்ன வேண்டும் என்பது எங்குமே இல்லை, இப்போது யோசித்தால்.

தானே புயலுக்கு முந்தின வருஷம் எங்கள் பள்ளி அரங்கில் ஒரு முகாம் நடந்தது. உனக்குப் பத்து வயது. பேச்சு வராத பிள்ளைகளைச் சோதித்து, தகுதி இருந்தால் படப் பலகை கொடுப்பார்களாம். தகுதி என்ற சொல்லைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. பண்ருட்டியில் அதே முகாம் முந்தின வாரம் முடிந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்து, அவர்கள் காட்டும் பதினாறு பட அட்டையையும் ஜெராக்ஸ் வாங்கிவிட்டேன். ஆமாம், கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கினேன். என் வகுப்பில் எவனாவது இதைச் செய்திருந்தால் ஹெட்மாஸ்டர் அறை வரை காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். என் பிள்ளை என்றதும் அது தாய்ப்பாசம் ஆகிவிட்டது.

பத்து நாள், தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஆப்பிள், பஸ், நாய், குடை, வீடு. ஆப்பிள் எது, பார். பஸ் எது, பார். வாழ்க்கையில் ஒரு முழு ஆப்பிளை நீ கடித்ததில்லை, வேகவைத்து மசித்துத்தான் தந்திருக்கிறேன். ஆனால் படத்தில் அடையாளம் தெரியவில்லை என்றால் கோபம் வந்தது. வீட்டுப் படம்தான் பெரிய தொல்லை. எந்த ஊர் வீடோ, சாய்ந்த கூரை, அதன் மேல் ஒரு புகைபோக்கி, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. வீடு எது என்றால் நீ அதைப் பார்க்கவே மாட்டாய். மற்ற பதினைந்தையும் பார்ப்பாய், அதை விட்டுவிடுவாய். "இது வீடுடா. புகை வந்தாலும் வீடுதான். சொன்னா ஏத்துக்கணும்" என்று அட்டையை உன் மூக்குக்கு நேரே நீட்டினேன். நீ கண்ணை மூடினாய். இல்லை என்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை, வீடு இல்லை என்று நீ எப்படிச் சொல்லலாம் என்றுதான் கோபம். உன் கையில் அடித்தேன். நடுங்கிக்கொண்டிருந்த கையில். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அவனப் போட்டு இந்தப் பாடு படுத்திகினு இருக்க? அவனுக்குத் தெரியாததா?" என்றார். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றேன். உன் எதிரில்தான் சொன்னேன்.

முகாம் அன்று ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். முக்கிய விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை நாற்பது பிள்ளைகள் தகரக் கூரையின் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். வந்தவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு, "இவர்கள் கடவுளின் குழந்தைகள்" என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடவுளின் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். உன்னால் பிஸ்கட்டை மென்று விழுங்க முடியுமா என்று கொடுத்தவருக்கும் தெரியாது, போட்டோ எடுத்தவருக்கும் தெரியாது. நம் முறை வரும்போது மணி ஒன்று. சோதித்தவர் சட்டைப் பையில் நாலு கலர் பேனா வைத்திருந்தார். அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "தம்பி, ஆப்பிள் எங்க இருக்கு?" நீ புகைபோக்கி வைத்த வீட்டைப் பார்த்தாய். "பஸ் எங்க?" அதே வீடு. "நாய்?" வீடு. எட்டுக் கேள்விக்கும் நீ அந்த ஒரு படத்தையே, கழுத்து நரம்பு புடைக்கப் பார்த்தாய். பத்து நாளாக வேண்டாம் என்று ஒதுக்கிய அதே படத்தை.

"டீச்சர்தானே நீங்க? நீங்களே பாருங்க. ஒரே கார்டுலயே நிக்கறான். படத்துக்கு அர்த்தம் இருக்குன்னே அவனுக்குப் புரியல. இப்ப போர்டு குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல" என்றார். மொத்தம் நாலு நிமிடம். ஒரு சட்டை தைக்கக்கூட அதைவிட அதிக நேரம் அளவு எடுப்பார்கள். சிவப்புப் பேனாவில் ஏதோ எழுதி, "நெக்ஸ்ட்" என்றார். அவரை இன்றுவரை நான் மனதுக்குள் மரியாதையாக நினைத்ததில்லை, நினைக்கவும் போவதில்லை. ஆனால் அவராவது முன்பின் தெரியாத ஆள். பத்து வருஷம் உன்னைத் தூக்கிச் சுமந்த நான் என்ன செய்தேன்? அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். ஸ்டாஃப் ரூம் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்கிறது என்ற ஒரே நினைப்பில் உன்னை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "என் மானத்த வாங்கிட்டேடா" என்றேன். அன்று ராத்திரி வரை உன்னிடம் பேசவில்லை. பேச முடியாத பிள்ளையிடம் பேசாமல் இருந்து தண்டித்த ஒரே அறிவாளி நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் நாலு வருஷம். உனக்குப் பலகை இல்லை, படம் இல்லை, ஆமாம் என்றால் மின்விசிறியைப் பார்ப்பாய், இல்லை என்றால் கண்ணை மூடுவாய், அவ்வளவுதான் உன் மொழி. நாங்கள் கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்லலாம். கேட்காததைச் சொல்ல வழியே கிடையாது. நான் கேட்டதெல்லாம் என்ன? பசிக்குதா, பாத்ரூமா, டிவி போடவா. பதினாலு வயதுப் பையனிடம் மூன்று கேள்வி. நீ எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை என்று வந்தவர்கள் பாராட்டும்போது பெருமையாக வேறு இருந்தது. தொந்தரவு செய்ய உனக்கு ஒரு சொல்கூட விட்டுவைக்கவில்லை, அதுதான் விஷயம்.

அந்த வருஷம்தான் ஜெனிபர் வந்தாள். சிறப்புப் பிள்ளைகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வேலை, இருபத்தைந்து வயது இருக்கும், ஸ்கூட்டியில் முத்தாண்டிக்குப்பம் வரை சுற்றுபவள். வந்ததும் நாற்காலி போட்டேன், அவள் தரையில் உன் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பை நிறைய அட்டை கொண்டுவரவில்லை, கோட் போடவில்லை, தரையில் உட்காருகிறாள், இவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். "டெஸ்ட் எப்பங்க வைப்பீங்க?" என்று கேட்டேன். "டெஸ்ட் வைக்க வரல டீச்சர். அவனுக்கு என்ன வேணும்னு பாக்க வந்தேன். அதுக்கு ஒரு ஆறு தடவையாவது வரணும்" என்றாள். ஆறு தடவை காபி போட வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது, முன்னால் ஏதாவது படம் காட்டியிருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் கணக்கு டீச்சர் இல்லையா, எதையும் தூக்கிப் போட மாட்டேன். ஜெராக்ஸ் எடுத்த பதினாறு அட்டையையும் ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்து, கூடவே உன் தோல்வியையும் விலாவாரியாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் அட்டைகளைத் தரையில் பரப்பினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "தம்பி, இதுல ஏதாவது வச்சு ஏதாவது சொல்லணும்னா சொல்லு. ஒண்ணுமில்லன்னாலும் பரவால்ல" என்றாள். நீ புகைபோக்கி வைத்த வீட்டைப் பார்த்தாய். பிறகு அப்பா படுத்திருந்த அறைக் கதவைப் பார்த்தாய். மறுபடி வீடு, மறுபடி கதவு.

"பாத்தீங்களா, நாலு வருஷமா அதே வீடு" என்றேன் நான், ஜெயித்த மாதிரி. அவள் என்னைக் கையால் அமர்த்தினாள். "தம்பி, இது வீடா?" நீ கண்ணை மூடினாய். அதற்குள் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இத்தப் போயி வூடுன்னு சொல்லிகினு இருக்காங்களே. இது தெர்மலு, நான் வேல பாக்கற கரண்டு பிளான்ட்டு. தெனம் ஷிப்டுக்குப் போறப்ப கொல்லப்பக்கம் இவனத் தூக்கிகினு போயி காட்டுவேன். அதோ பொக போவுது பாரு, அப்பா அங்கதான் இருப்பேன், சங்கு ஊதுனா வந்துருவேன்னு." எனக்கு இது தெரியாது. அந்த நேரத்துக்கு நான் முன்கட்டில் ட்யூஷனுக்கு வந்த அடுத்தவர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஜெனிபர் உன்னையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள். "அப்பாவக் கூப்பிட்டியா?" நீ மின்விசிறியைப் பார்த்தாய். அடுத்த கேள்வியை நான்தான் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "அன்னிக்கு ஸ்கூல்லயும் அப்பாவத்தான் கூப்பிட்டியா?" நீ மின்விசிறியைப் பார்த்தாய். பார்த்தாய், பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு தபா கூப்ட்டுகினு இருந்திருக்கான், எனக்குத்தான் கேக்கல" என்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். படத்துக்கு அர்த்தம் இருப்பதே உனக்குப் புரியவில்லை என்று சொன்னாரே, அன்று அந்த அரங்கில் படத்தை வைத்து நிஜமாகப் பேசியவன் நீ ஒருவன்தான். வெயிலில் வதங்கி, தாகத்தில், அடித்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை அப்பாவிடம் கூட்டிப் போங்கள் என்று எட்டுத் தடவை சொல்லியிருக்கிறாய். நாங்கள் ஆப்பிளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜெனிபர் உன் காலைப் பார்த்தாள். நாற்காலியில் உன் பாதம் தரையில் படாமல் தொங்குவதால்தான் உடம்பு முழுக்க ஆடுகிறது, கையும் ஆடுகிறது என்றாள். அப்பா பழைய பலகையை அறுத்து ஒரு மனை செய்து காலடியில் வைத்தார். பதினாலு வருஷமாக நடுங்கிய கை பாதி நடுக்கம் குறைந்து, முட்டி குறித்த இடத்துக்குப் போனது. எத்தனை எழுத்து ஒரு பக்கத்தில் இருந்தால் உன் முட்டி தடுமாறாது, எவ்வளவு இடைவெளி வேண்டும், எத்தனை மணிக்கு நீ தெளிவாக இருக்கிறாய், யாரிடம் அதிகம் பேச ஆசைப்படுகிறாய், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் தாங்காமல், "மொத்தத்துல எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டே விட்டேன். அவள் சிரித்தாள். சிரிக்கத்தான் செய்வாள். எழுத்துப் பலகை வரும்வரை வைத்துக்கொள்ள முதலில் ஒரு சொல் பலகை செய்யலாம், உங்களுக்குத் தோன்றும் சொற்களை எழுதிக் கொடுங்கள் என்றாள். தண்ணீர், சாதம், பாத்ரூம், வலி, வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "டீச்சர், இவன் யாரையாவது திட்டணும்னா இதுல எங்க போவான்?" என்றாள்.

ட்யூஷன் பிள்ளைகளுக்கு நான் நடத்தியதைக் கேட்டே நீ எழுத்தைக் கற்றிருந்தாய் என்பது எழுத்துப் பலகை வந்த பிறகுதான் தெரிந்தது, நீ முதலில் திட்டப் போன இடம் என் அண்ணன். திருவதிகையில் வீடு கட்டிக்கொண்டு போன உன் மாமா, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, காபியைக் குடித்துவிட்டு, "இதெல்லாம் போன ஜென்மத்துப் பாவம்மா" என்று உன் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகும் புண்ணியவான். அன்று அவர் அதைச் சொல்லி முடித்ததும் உன் முட்டி நகர ஆரம்பித்தது. பிள்ளை மாமாவிடம் ஏதோ சொல்கிறான் என்று அவரே பெருமையாகக் குனிந்து எழுத்துக் கூட்டினார். "மாமா உங்க வாய்க்கு யாரும் டெஸ்ட் வைக்கலையா." எனக்கு உள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக நான் கேட்க நினைத்துக் கேட்காதது. ஆனால் என்ன செய்தேன்? அவர் முகம் சிறுத்துப் போனதைப் பார்த்து, பெரியவர்களிடம் மரியாதை தெரியாத உனக்குப் பலகை ஒரு கேடா என்று அதைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தேன். இரண்டு நாள். மற்ற பிள்ளைகளுக்கு டிவியை நிறுத்துவார்கள், செல்போனைப் பிடுங்குவார்கள். நான் உன் நாக்கைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டு, நிம்மதியாக விடைத்தாள் திருத்தினேன். அப்பாதான் மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். 'மன்னிக்கவும்' என்ற சொல்லை உன் பலகையில் ஒட்டச் சொன்னவள் முதலில் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சென்னையில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்களோ தெரியாது. நல்லவர்களாக இருக்கலாம், நாலு பேனாக்காரர்களாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன், வேண்டாததைத் தள்ளிவிடு. அங்கே நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று நினைக்காதே, அது என் வியாதி, உனக்கு வேண்டாம். தோள் வலித்தால் வலிக்கிறது என்று சொல். எழுத்து சிறிதாக இருந்தால் சிறிது என்று சொல். உன்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்று கேட்டால், அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ கண்ணை மூடிக்கொள், அவருக்குப் புரியும். கருவிக்குக் குரல் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களாம். பாவப்பட்ட குழந்தைக் குரல் எதையாவது தலையில் கட்டினால் வாங்காதே. செய்தி வாசிப்பவர் குரலும் வேண்டாம், அதில் நீ மாமாவைத் திட்டினால் ஒரு எழவும் உறைக்காது. யாராவது பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாயோரம் துடைத்துக்கொள்ள உபயோகப்படுத்து. நன்றி சொல்லித்தான் தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. உன் வாயை உனக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு எதற்கு இத்தனை கும்பிடு?

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். மதிப்பீட்டுக்கு முன்னால் வீட்டில் உள்ளவர்கள் நிரப்பித் தர வேண்டும் என்று பன்னிரண்டு கேள்வி அனுப்பியிருந்தார்கள். அதை நீ என்னிடம்தான் கொடுத்தாய், வர வேண்டாம் என்று சொன்ன அதே நாளில். "உண்மையா எழுது" என்று மட்டும் காட்டினாய். நான் உட்கார்ந்து, தலைமாணாக்கி மாதிரி, ஒரு மணி நேரத்தில் நிரப்பித் தள்ளினேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? "எவ்வளவு நேரமானாலும்." பலகை எப்போதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? "ஆம், எப்போதும்." எவ்வளவு நேரத்தில் களைத்துப்போகிறார்? "களைப்படைவதே இல்லை." முழு மார்க் வாங்கும் பதில்கள். கடைசிக் கேள்விக்கு வருவதற்குள் கை நின்றுவிட்டது. மறுபடி ஜெராக்ஸ் அட்டையோடு உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இந்தப் பொய்யை நம்பி அவர்கள் சின்னச் சின்னக் கட்டம் போட்ட கருவியைக் கொடுத்திருந்தால், கல்லூரியில் பத்து மணிக்குப் பேசத் தொடங்கி, பத்தரைக்கு நீ ஊமையாகியிருப்பாய். இந்தத் தடவை நாலு பேனாக்காரர் மேல் பழி போடவும் முடியாது.

கிழித்துப் போட்டுவிட்டு, அப்பாவைப் புதுப் படிவம் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லி வேறு எழுதியிருக்கிறேன். எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதற்கு, "இரண்டு எழுத்து வரை. அதற்குள் நானே முடித்துவிடுவேன், பெரும்பாலும் தப்பாக." பலகை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதற்கு, "இல்லை. சாப்பிடும்போதும், விருந்தாளி வரும்போதும், எனக்குக் கோபம் வரும்போதும் எடுத்துவிடுவேன். ஒரு தடவை இரண்டு நாள் பீரோ மேல் வைத்தேன்." களைப்புக்கு, "இருபது நிமிடத்தில் இடது தோள் இறுகும். சொல்ல மாட்டான், மறைப்பான். மறைக்கக் கற்றுக் கொடுத்தது நான்." மதிப்பீட்டின்போது குடும்பத்தில் யார் உடன் இருப்பது நல்லது என்று ஒரு கேள்வி. "அவன் அப்பா" என்று எழுதினேன். பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது, பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது, பார்த்தால் தெரியும். கவரை ஒட்டவில்லை. நீ படித்துப் பார், தப்பாக இருப்பதை அப்பாவிடம் சொல்லி அடித்துவிட்டுத் திருத்தச் சொல்.

பன்னிரண்டாவது கேள்வி இது. "அவர் உங்களிடம் சொல்ல விரும்பி, இதுவரை சொல்ல முடியாமல் இருப்பதாக நீங்கள் நினைப்பது என்ன?" மூன்று நாளாக இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஒன்று எழுதினேன், அடித்தேன். அது நான் கேட்க ஆசைப்படுவது. இரண்டாவதாக ஒன்று எழுதினேன், அதையும் அடித்தேன். அது நான் கேட்கப் பயப்படுவது. இரண்டுமே நான் எழுதியதுதான், நீ சொன்னது இல்லை. கடைசியில் "எனக்குத் தெரியாது" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கருவியோடு நீ திரும்பி வரும் அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பேன். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் பாதியில் நிறுத்தாமல் முழுசாகத் திட்டு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அம்மா